லண்டன் டியூப்பில் மொபைல் சிக்னல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டியூப் என்று மக்கள் அழைக்கும் லண்டன் அண்டர்கிரவுண்ட் ரயிலுக்கு 272 ஸ்டேஷன்கள். 402 கிலோமீட்டர் பாதையில் ஏறத்தாழ 45 சதவீதம்தான் சுரங்கம். அந்த 45 சதவீதத்தில் போன் எப்படி வேலை செய்கிறது, எங்கே சொதப்புகிறது, பயணி தன் கையிலிருக்கும் போனில் என்ன செய்துகொள்ளலாம் என்பதெல்லாம் கீழே.

ஈஸ்ட் ஹாமில் எப்போதுமே நெட் வந்துகொண்டிருந்தது. டூட்டிங் போகும் ரயிலுக்கு மட்டும் ஏன் தனி ஏற்பாடு வேண்டியிருக்கிறது?

ஈஸ்ட் ஹாம் ஸ்டேஷன் டிஸ்ட்ரிக்ட் லைனில், திறந்த வெளியில் இருக்கிறது. பெயர்தான் அண்டர்கிரவுண்ட்; தெருவில் நிற்கும் டவரே அங்கே போதும். டூட்டிங் பிராட்வே நார்தர்ன் லைனில் வருகிறது. அந்த லைனில் ஈஸ்ட் ஃபின்ச்லியிலிருந்து பேங்க் வழியாக மோர்டன் வரை 27.8 கிலோமீட்டரும் ஒரே சுரங்கம். அதன் இன்னொரு கிளையில் உள்ள ஹாம்ப்ஸ்டெட் தரைக்குக் கீழே 58.5 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது.

ஈரக் களிமண் ரேடியோ அலையை உறிஞ்சிவிடும். அதைத் தாண்டி ஏதாவது மிஞ்சினாலும், பழைய சுரங்கங்களின் உள்சுவர் வார்ப்பிரும்பு வளையங்களை போல்ட் போட்டு இணைத்தது. டவர் எவ்வளவு அருகில் இருந்தாலும் கீழே ஒன்றும் வந்து சேராது. சிக்னலைச் சுரங்கத்துக்குள்ளேயே கொண்டுபோய் ஊற்றினால்தான் உண்டு.

சுரங்க வாயில் ஒரு பெரிய ஆன்டெனா வைத்து உள்ளே அடித்தால் ஆகாதா?

காலியான, நேரான சுரங்கத்தில் ஆகும். அலைநீளத்தைவிட அகலமான குழாய்க்குள் ரேடியோ அலை வெகுதூரம் போகும். 1800 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 17 சென்டிமீட்டர்தான். ஆழத்தில் ஓடும் டியூப் சுரங்கத்தின் விட்டம் சுமார் 3.56 மீட்டர். கணக்குப்படி தாராளமாகப் போக வேண்டும்.

ரயில் வந்ததும் கணக்கு மாறிவிடும். டியூப் ரயில் சுரங்கத்தின் வாயை ஏறக்குறைய அடைத்துக்கொண்டு ஓடுகிறது. பாட்டிலில் தக்கை போட்ட மாதிரி. முன்னாலிருந்து வரும் அலை முதல் பெட்டியில் மோதி நிற்கும். கடைசிப் பெட்டியில் இருப்பவருக்கு வெறும் நிழல்தான். வளைவுகளில் நிலைமை இன்னும் மோசம். பழைய டியூப் பாதைகள் மேலே தெரு போகும் வழியிலேயே தோண்டப்பட்டதால் வளைவுக்குப் பஞ்சமே இல்லை. ஆகவே ரயிலின் பக்கவாட்டிலேயே, ஜன்னல் உயரத்தில், சுரங்கம் முழுக்க சிக்னல் கசிந்துகொண்டே இருக்க வேண்டும்.

அந்தக் கசிவுக்குத்தான் லீக்கி ஃபீடரா? அது எப்படி இருக்கும்?

ஆமாம். தென்னந்தோப்பில் சொட்டுநீர்க் குழாய் பார்த்திருப்பீர்கள். குழாயில் ஆங்காங்கே துளை. தண்ணீர் வழிநெடுகக் கசியும். கடைசிமுனைக்குப் போகப் போக அழுத்தம் குறையும். லீக்கி ஃபீடரும் அப்படியே. நடுவில் செம்புக் குழாய், அதைச் சுற்றி நுரைத்த பாலிஎத்திலீன், அதன்மேல் செம்புத்தகடு, வெளியே கறுப்பு உறை. சாதாரணக் கோஆக்சியல் கேபிளில் அந்தச் செம்புத்தகடு முழுமையாக மூடியிருக்கும். இதில் குறிப்பிட்ட இடைவெளியில் சாய்வான பிளவுகள் வெட்டப்பட்டிருக்கும். அலை கசிவது அந்தப் பிளவுகள் வழியாகத்தான்.

மாட்டுவதில்தான் பாதி வித்தை. உறையின்மேல் நீளவாக்கில் ஒரு மேட்டுக்கோடு இருக்கும். பிளவுகள் அதற்கு நேரெதிர்ப் பக்கம். கோடு சுவரைப் பார்க்க வேண்டும், பிளவு ரயிலைப் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் கேபிள் சுவருக்குச் சேவை செய்துகொண்டிருக்கும். சுவரோடு ஒட்டவும் கூடாது. பிடிப்பான்கள் கேபிளைச் சில சென்டிமீட்டர் தள்ளியே நிறுத்த வேண்டும். இரும்புச் சுவரை ஒட்டிப் போனால் இழப்பு ஏறும். மற்ற மின் கேபிள்களையும் அதன் முகத்துக்கு முன்னால் போகவிடக் கூடாது.

பிடிப்பான்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக். சில மீட்டருக்கு ஒன்று மட்டும் உலோகத்தில் போடுவார்கள். தீப்பிடித்து பிளாஸ்டிக் உருகினால் கேபிள் அறுந்து, சுரங்கத்தில் நடந்து வெளியேறும் ஆட்களின் கழுத்தில் விழக்கூடாது என்பதற்காக. உறையும் எரியும்போது புகை குறைவாக விடும், ஹாலஜன் இல்லாத வகையாக இருந்தாக வேண்டும். 1987 நவம்பர் 18 அன்று கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷன் தீயில் 31 பேர் இறந்தார்கள். பூமிக்கடியில் என்ன பொருளைக் கொண்டுவந்து மாட்டலாம் என்பதில் இன்றுள்ள கெடுபிடிக்கு அந்த இரவுக்குப் பெரிய பங்கு உண்டு.

கேபிளுக்கு சிக்னல் எங்கிருந்து வருகிறது?

மொபைல் நிறுவனங்களின் பேஸ் ஸ்டேஷன் கருவிகள், அதாவது வழக்கமாக டவரோடு இருந்து போன்களோடு பேசும் கருவிகள், தரைமேல் ஓரிடத்தில் சேர்ந்து இருக்கும். அதற்கு இந்தத் தொழிலில் பேஸ் ஸ்டேஷன் ஹோட்டல் என்றே பெயர். ஆளுக்கொரு அறை, வாடகை, கரண்ட், ஏசி. அங்கிருந்து ஃபைபர் வழியாக ஒவ்வொரு ஸ்டேஷனிலும் உள்ள ரிமோட் யூனிட்டுக்கு வரும். ரிமோட், ஒளியை ரேடியோவாக மாற்றி வலுவூட்டும். எல்லா நிறுவனங்களின் அலைவரிசைகளும் கம்பைனரில் ஒன்றுசேர்ந்து, ஒரு பங்கு பிளாட்பாரம், நடைவழி, எஸ்கலேட்டர் ஆன்டெனாக்களுக்கும், மறுபங்கு இரு பக்கச் சுரங்கங்களின் லீக்கி ஃபீடருக்கும் போகும். ஒரே கட்டமைப்பை எல்லோரும் வாடகைக்கு எடுப்பதால் ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியாகக் கேபிள் இழுக்க வேண்டியதில்லை. இழுக்க இடமும் இல்லை.

ரயிலுக்குள் என் போனுக்கு உண்மையில் எவ்வளவு வந்து சேருகிறது?

மாதிரிக்கு ஒரு கணக்கு. 1800 மெகாஹெர்ட்ஸில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு 4ஜி கேரியர், அதாவது ஓர் அலைவரிசைத் துண்டு, ரிமோட்டிலிருந்து 10 வாட் சக்தியோடு வெளியே வருகிறது என்று வையுங்கள். சிக்னல் சக்தியை அளக்கும் டிபிஎம் கணக்கில் அது 40; வழியில் ஏற்படும் இழப்பை டெசிபலில் கழித்துக்கொண்டே வரலாம். போன் அளப்பது மொத்த சக்தியை அல்ல. 1200 துணை அலைகளில் ஒன்றின் சக்தியை. அதற்கு 31 டெசிபல் கழிந்தால் 9. கம்பைனர், ஸ்பிளிட்டர், இணைப்புக் கேபிள் எல்லாம் சேர்ந்து 5 தின்றால் 4. நூறு மீட்டருக்கு 4 டெசிபல் வீதம் 400 மீட்டர் லீக்கி ஃபீடரில் 16 போனால் மைனஸ் 12. கேபிளிலிருந்து கசிந்து ரயில் பக்கம் வந்து சேரும் இழப்பு 68; இப்போது மைனஸ் 80. ரயிலின் உலோக உடம்பும் கண்ணாடியும் 12, நெருக்கியடித்து நிற்கும் மனிதர்கள் 5. கடைசியில் போனுக்குக் கிடைப்பது மைனஸ் 97 டிபிஎம்.

மைனஸ் 97 என்பது ஓடக்கூடிய அளவு, வீடியோவும் பார்க்கலாம். மைனஸ் 110க்குக் கீழே போனால் திணறும், மைனஸ் 120ல் அறுந்துவிடும். கையிருப்பு வெறும் 13 டெசிபல்தான் என்பதைப் பாருங்கள். கேபிள் இன்னும் 300 மீட்டர் நீண்டாலே அது தீர்ந்துபோகும். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் தூரம் அதிகமென்றால் இரு முனையிலிருந்தும் ஊட்டுவதும், தேவைப்பட்டால் நடுச்சுரங்கத்திலேயே ஒரு ரிமோட் வைப்பதும் இதனால்தான்.

5ஜி என்று போடுகிறார்கள், ஆனால் வெளியில் வரும் வேகம் வரவில்லையே?

கேபிளின் தடிமன்தான் காரணம். தடிமன் கூடக்கூட இழப்பு குறையும். ஆனால் ஒவ்வொரு தடிமனுக்கும் ஓர் உச்ச அலைவரிசை உண்டு. அதற்கு மேல் போனால் கேபிளுக்குள் அலை ஒழுங்காக ஓடாது. 1⅝ அங்குலக் கேபிள் ஏறத்தாழ 2.7 கிகாஹெர்ட்ஸோடு கைவிரித்துவிடும். வெளியில் வேகமான 5ஜி ஓடுவது 3.5 கிகாஹெர்ட்ஸ் பக்கம். அதற்கு 1¼ அங்குலத்துக்கு இறங்க வேண்டும். இறங்கினால் ஒவ்வொரு நூறு மீட்டரிலும் கூடுதலாக இழக்க வேண்டும், ரிமோட்டுகளை நெருக்கி வைக்க வேண்டும். ஆகையால் சுரங்கத்தில் 5ஜி என்ற எழுத்து தெரிந்தாலும், குறைந்த அலைவரிசையில் ஓடும் மெலிந்த 5ஜியாக அது இருக்கலாம். மெயில் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் இது தாராளம்.

சென்னை, கொல்கத்தாவைவிட லண்டன் பணக்கார ஊர். அதன் சுரங்கத்தில் சிக்னல் வர ஏன் இவ்வளவு தாமதம்?

பணத்தைவிட இடமும் நேரமும்தான் சிக்கல். சென்னையில் முதல் சுரங்கப் பகுதி, திருமங்கலம் முதல் நேரு பூங்கா வரை, 2017 மே மாதம் திறந்தார்கள். மொபைல் காலத்தில் கட்டிய சுரங்கம். ஓரத்தில் நடைமேடை, கேபிளுக்குத் தட்டு எல்லாம் வரைபடத்திலேயே இருக்கும். லண்டனின் முதல் ஆழ்சுரங்க ரயில் 1890ல் ஓடியது. அதைத் தோண்டியவர்கள் ரேடியோ என்ற ஒன்றையே பார்த்ததில்லை. ரயிலுக்கும் சுவருக்கும் நடுவே மிஞ்சியிருந்த கொஞ்ச இடத்தையும் அதன்பின் வந்த சிக்னல், மின்சாரம், டெலிபோன் கேபிள்கள் பிடித்துக்கொண்டன.

வேலை செய்ய இரவு மட்டுமே கிடைக்கும். கடைசி ரயில் நள்ளிரவு தாண்டித்தான் போகிறது, முதல் ரயில் ஐந்து மணி வாக்கில் வந்துவிடும். டியூப்பில் தண்டவாளங்களுக்கு வெளியே ஒரு மின்கம்பி, நடுவில் இன்னொன்று; இரண்டுக்கும் இடையே 630 வோல்ட். அதை அணைத்து, அணைந்ததை உறுதிசெய்து, ஆளும் தள்ளுவண்டியும் உள்ளே இறங்குவதற்குள் நேரம் கரைந்துவிடும். முடித்த பிறகு கொண்டுபோன ஒவ்வொரு ஸ்பேனரையும் எண்ணி எடுத்துக்கொண்டு வெளியேற வேண்டும். கைவேலைக்கு மிஞ்சுவது இரண்டு, மூன்று மணி நேரம். 2016 முதல் வெள்ளி, சனி இரவுகளில் சில லைன்களில் விடியவிடிய ரயில் ஓடுவதால் அங்கே அந்த இரண்டு இரவும் கிடையாது.

அதற்குள் மீட்டருக்கு முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை எடையுள்ள கேபிளை இழுக்க வேண்டும். 500 மீட்டர் சுருள் அரை டன் பக்கம் வரும். முரட்டுத்தனமாக வளைத்தால் உள்ளே நசுங்கி 50 ஓம் என்ற மின்தடை அந்த இடத்தில் மாறிவிடும். அங்கிருந்து சிக்னல் திரும்பி அடிக்கும். ஒரு நசுக்கலுக்காக ஒரு சுருளையே கழற்ற நேரும். பழைய சுவரில் துளை போடுவதற்கு முன் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும்.

சரி, எது எப்போது வந்தது?

2012 ஒலிம்பிக்ஸை ஒட்டி ஸ்டேஷன்களில் வைஃபை வந்தது, சுரங்கத்தில் இல்லை. 2020 மார்ச்சில் ஜூபிலி லைனின் கிழக்குப் பகுதியில், வெஸ்ட்மின்ஸ்டர் முதல் கேனிங் டவுன் வரை, சோதனையாக 4ஜி. 2021 ஜூனில் முழு வலைப்பின்னலையும் அமைத்து 20 ஆண்டு நடத்தும் ஒப்பந்தம் பிஏஐ கம்யூனிகேஷன்ஸுக்குப் போனது. அந்த நிறுவனம்தான் 2023ல் போல்டின் நெட்வொர்க்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2022 டிசம்பரில் சென்ட்ரல் லைனில் ஹாலண்ட் பார்க் – குயின்ஸ்வே பகுதி, அடுத்து நார்தர்ன் லைனில் ஆர்ச்வே, டஃப்னெல் பார்க், கென்டிஷ் டவுன் என்று துண்டு துண்டாக நீண்டது. இன்றைக்கு உங்கள் பாதையில் உண்டா என்று பார்க்க, டிரான்ஸ்போர்ட் ஃபார் லண்டன் வெளியிடும் 4ஜி, 5ஜி வரைபடத்தைப் பார்ப்பதே சரி. பிளாட்பாரத்தில் மட்டுமா, சுரங்கத்திலுமா என்பதைக் கவனித்துப் பாருங்கள். பலர் ஏமாறுவது அங்கேதான்.

ரயில் கிளம்பியதும் நெட் நின்றுவிடுகிறது. பக்கத்தில் இருப்பவருக்கு வருகிறது. என் போனில் என்ன கோளாறு?

பெரும்பாலும் ஸ்டேஷன் வைஃபைதான் காரணம். பிளாட்பாரத்தில் நிற்கும்போது போன் தானாக வைஃபையில் ஏறிக்கொள்ளும். ரயில் நகர்ந்து சுரங்கத்துக்குள் போனபின்பும், அறுந்துபோன அந்த வைஃபையைச் சில நொடிகள் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும். அது விட்டு 4ஜிக்கு வரும்போது அடுத்த ஸ்டேஷன் வந்துவிடும், மறுபடி வைஃபை. இப்படியே பயணம் முழுவதும்.

நிறுத்தும் வழி: ஐபோனில் செட்டிங்ஸ் போய் வைஃபை, அங்கே எடிட். உங்கள் நிறுவனமே சிம் வழியாகப் போட்டுவைத்த வைஃபை பெயர்கள் தனிப் பட்டியலாக இருக்கும். அதைத் தொட்டு, தானாகச் சேருவதை அணையுங்கள். ஆண்ட்ராய்டில் சேமித்த நெட்வொர்க்குகளில் அந்தப் பெயரைத் தொட்டு, தானாக இணைவதை அணைக்கலாம். சோம்பலாக இருந்தால், ரயில் ஏறுமுன் வைஃபையையே அணைத்துவிடுங்கள்.

நாலு கோடும் நிற்கிறது, ஆனால் ஒன்றும் திறக்கவில்லை?

கோடு காட்டுவது சிக்னல் எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதை மட்டும். வழி காலியா என்பதை அது சொல்லாது. காலை எட்டரை மணிக்கு ஒரு ரயிலில் எழுநூறு, எண்ணூறு பேர். எதிர்ச்சுரங்கத்தில் இன்னொன்று, முன்னும் பின்னும் ஒவ்வொன்று. செல் என்பது ஒரு பேஸ் ஸ்டேஷன் கவனிக்கும் பகுதி; ஒரே செல்லின் கொள்ளளவை இவ்வளவு பேரும் பங்குபோடுகிறார்கள். இதற்கு உங்கள் கையில் மருந்தில்லை. பார்க்க வேண்டியதை வீட்டிலேயே இறக்கிக்கொள்வதுதான் நடைமுறை.

சுரங்கத்திலிருந்து வெளியே வரும் இடத்தில் போன் கால் அறுந்துவிடுகிறதே?

உள்ளேயிருக்கும் செல்லிலிருந்து வெளியிலிருக்கும் செல்லுக்குப் போன் கைமாற வேண்டும். ரயில் மணிக்கு 80 கிலோமீட்டரில் போனால் நொடிக்கு 22 மீட்டர். புதுச் செல்லைக் கேட்டு, அளந்து, தகவல் சொல்லி, அனுமதி வாங்கித் தாவ சில நொடிகள் ஆகும். அதற்குள் நூறு மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். அந்த நூறு மீட்டரிலும் இரண்டு சிக்னலும் சேர்ந்து கேட்க வேண்டும். சுரங்க வாயிலேயே உள் சிக்னல் சட்டென்று முடிந்தால் போன் கால் அறுந்துவிடும். வாய்க்கு வெளியே ஓர் ஆன்டெனா வைத்து உள் செல்லையே கொஞ்ச தூரம் நீட்டிவிடுவது வழக்கமான தீர்வு. அந்த ஆன்டெனாவின் திசை கொஞ்சம் தப்பினால், பக்கத்துத் தெருவில் வீட்டில் இருப்பவர் போன் சுரங்கத்துச் செல்லில் போய் உட்கார்ந்துகொள்ளும். அது வேறு தலைவலி.

சுரங்கத்துக்குள் இந்தத் தாவலைக் குறைக்கப் பல ரிமோட்டுகளில் ஒரே செல்லை ஒலிபரப்புவார்கள். அதிலும் ஓர் எல்லை உண்டு. ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டர் போக 5 மைக்ரோநொடி ஆகும். 4ஜி தாங்கக்கூடிய எதிரொலித் தாமதம் 4.7 மைக்ரோநொடி. அருகருகே உள்ள இரண்டு ரிமோட்டுகளின் ஃபைபர் நீளம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வேறுபட்டால், அவை சந்திக்கும் இடத்தில் ஒன்று மற்றதைக் கெடுக்கும். சிக்னல் பலமாகவும் நெட் மோசமாகவும் இருக்கும். குட்டை ஃபைபர் உள்ள ரிமோட்டில் செயற்கையாகத் தாமதம் சேர்த்துத்தான் இதைச் சரிசெய்வார்கள்.

நெட் வருகிறது, வாட்ஸ்அப் கால் போகிறது, சாதாரண கால் மட்டும் போகவில்லை. ஏன்?

சுரங்கத்தில் இருப்பது 4ஜியும் 5ஜியும்தான். 2ஜி, 3ஜி இல்லை. போனில் வோல்ட்டி, அதாவது 4ஜி வழியாகவே சாதாரண கால் பேசும் வசதி, வேலை செய்யாவிட்டால் கால் போக வழியே கிடையாது. செட்டிங்ஸில் வோல்ட்டி அல்லது 4ஜி காலிங் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். ஊரிலிருந்து வாங்கிவந்த சில போன்களில் இங்குள்ள நிறுவனம் வோல்ட்டியைத் திறந்துவிடாமல் இருக்கலாம். ஊர் சிம்மில் ரோமிங்கில் வருபவர்களுக்கும் இதே கதை: டேட்டா ஓடும், வோல்ட்டி ரோமிங் ஒப்பந்தம் இல்லாத சிம்மில் கால் போகாது. ஓடிபி எஸ்எம்எஸ் வர வேண்டியிருந்தால் மேலே ஏறியபின் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிஸ்டத்தில் அடிக்கடி பழுதாவது எது?

விலை உயர்ந்த கருவிகளைவிட, கேபிள் முனையில் இருக்கும் இணைப்பான்தான். 7-16 வகை இணைப்பானை 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் வரை, முறுக்கு விசையை அளக்கும் டார்க் ஸ்பேனரால் முறுக்க வேண்டும், 4.3-10 வகைக்கு 5 போதும். கை மதிப்பில் முறுக்கிவிட்டுப் போனால், ரயில் அதிர்வில் ஆறு மாதத்தில் தளரும். பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத்தூள் உள்ளே புகும். தளர்ந்த உலோகமும் துருவும் சேர்ந்தால், இரண்டு அலைவரிசைகளைக் கலந்து புதிதாக ஒன்றை உண்டாக்கும் கலப்பியாக அது மாறிவிடும். 1810, 1870 மெகாஹெர்ட்ஸில் இரண்டு கேரியர்கள் போகின்றன என்று வையுங்கள். முதலாவதின் இருமடங்கிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 1750. அது போன்கள் மேல்நோக்கிப் பேசும் 1710–1785 பட்டைக்குள் விழுகிறது. பேஸ் ஸ்டேஷனின் காதுக்குள்ளேயே ஒரு சீவிடு கத்துவது போல. போனில் கோடு முழுதாக நிற்கும். நீங்கள் பேசுவது மட்டும் அந்தப் பக்கம் போகாது.

ஒரே செல்லில் நிறைய ரிமோட்டுகளைக் கோர்ப்பதிலும் இதே விளைவு உண்டு. ஒவ்வொன்றும் தன் இரைச்சலை மேலே அனுப்பும். எட்டு ரிமோட் சேர்ந்தால் இரைச்சல் 9 டெசிபல் ஏறும். கேபிள் உறையில் கீறல் விழுந்து நீர் புகுவது இன்னொன்று. இதைக் கண்டுபிடிக்க, கேபிளின் ஒரு முனையில் கருவியை மாட்டி, சிக்னல் எத்தனையாவது மீட்டரில் திரும்பி அடிக்கிறது என்று வரைபடம் எடுப்பார்கள். கேபிள் போட்ட அன்றே எடுத்த வரைபடம் கையிலிருந்தால் பழுதைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். இல்லாவிட்டால் டார்ச்சோடு நடக்க வேண்டியதுதான்.

சிக்னல் இல்லாத சுரங்கத்தில் பேட்டரி ஏன் வேகமாகக் குறைகிறது?

போன் விடாமல் தேடுகிறது. நீண்ட சுரங்கப் பயணத்தில் ஏர்பிளேன் மோட் போட்டுவிடுங்கள். வெகுநேரம் சிக்னல் இல்லாதிருந்த போன், தேடும் இடைவெளியைத் தானே நீட்டிக்கொள்ளும். அதனால் மேலே வந்தபின்பும் சற்று நேரம் ஊமையாக இருக்கும். ஏர்பிளேன் மோடை ஒருமுறை போட்டு எடுத்தால் உடனே பிடித்துக்கொள்ளும்.

கேட்டில் போனைத் தட்டிப் போக நெட் வேண்டுமா?

வேண்டாம். அட்டை விவரம் போனுக்குள்ளேயே இருக்கிறது. பேட்டரி இருந்தால் போதும். உள்ளே தட்டிய அதே போனை, அதே அட்டையை வெளியேறும்போதும் தட்டுங்கள். மாற்றினால் இரண்டு முழுமையற்ற பயணமாகக் கணக்காகி அதிகக் கட்டணம் போகும்.

ஆபத்து நேரத்தில் 999 அடிக்கலாமா?

சிக்னல் இருந்தால் அடிக்கலாம். 112ம் அதே இடத்துக்குத்தான் போகும். உங்கள் நிறுவனத்துக்குச் சிக்னல் இல்லாமல் வேறொன்றுக்கு இருந்தால் அதன் வழியாகவும் இந்த அழைப்பு போகும். சிம் இல்லாத போனிலிருந்து மட்டும் பிரிட்டனில் போகாது. பேச முடியாதவர்கள் எஸ்எம்எஸ் வழியாக 999ஐ அணுக முன்கூட்டியே பதிய வேண்டும்: ரிஜிஸ்டர் என்ற ஆங்கிலச் சொல்லை 999க்கு அனுப்பினால் அடுத்து என்ன செய்வது என்று பதில் வரும். உடனடி ஆபத்தில்லாத தொல்லைகளுக்கு ரயில்வே போலீஸின் 61016க்கு எஸ்எம்எஸ் அனுப்பலாம்.

கீழே ஜிபிஎஸ் கிடைக்காது. எந்த லைன், எந்தப் பக்கம் போகும் ரயில், கடைசியாகத் தாண்டிய ஸ்டேஷன், பெட்டியின் உள்ளே எழுதியிருக்கும் எண் ஆகியவற்றை நீங்களே சொல்ல வேண்டும். ஆனால் ரயிலுக்குள் முதலில் தொட வேண்டியது பெட்டியிலிருக்கும் அபாயக் கைப்பிடி. அது டிரைவரோடு நேரே பேச வைக்கும். சுரங்க நடுவில் இழுத்தால், உதவி கிடைக்கும் இடமான அடுத்த ஸ்டேஷன் வரை டிரைவர் பொதுவாக ஓட்டிச் செல்வார். பயந்து கதவைத் திறக்கப் பார்க்காதீர்கள். பிளாட்பாரத்தில் ஹெல்ப் பாயின்ட் இருக்கிறது.

இந்தப் புதிய கட்டமைப்பே காவல், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் துறைகளின் வருங்கால ரேடியோவுக்கும் சேர்த்துத்தான் போடப்படுகிறது. 2005 ஜூலை 7 குண்டுவெடிப்பின்போது மீட்புப் பணியாளர்களின் ரேடியோ சுரங்கத்தில் வேலை செய்யாமல் போனது. ஆளை மேலே ஓடவிட்டுச் செய்தி சொல்ல நேர்ந்தது. பயணியின் வீடியோவைவிட அந்தத் தேவைதான் பெரியது.

வழிநெடுகக் கதிர் கசியும் கேபிள் உடம்புக்குக் கெடுதலா?

மேலே பார்த்த கணக்கில் 10 வாட், கேபிளிலிருந்து கசிந்து ரயில் பக்கம் வருவதற்குள் மிக மிக நுண்ணியதாகிவிடுகிறது. உங்கள் உடம்புக்கு அருகில் இருக்கும் பெரிய ஒலிபரப்பி உங்கள் போன்தான். சிக்னல் நன்றாக இருந்தால் அது தன் சக்தியைக் குறைத்துக்கொள்ளும்.

வைஃபையில் சேர்ந்தால் என் நடமாட்டத்தைப் பார்க்கிறார்களா?

2016 இறுதியில் நான்கு வாரம், 54 ஸ்டேஷன்களில் ஒரு சோதனை நடந்தது. 2019 ஜூலை முதல் அது வழக்கமாகவே ஆனது. போனின் வைஃபை அடையாள எண்ணை மறைகுறியாக்கி, எந்த வழியில் கூட்டம் போகிறது என்று பார்ப்பதே நோக்கம் என்று ரயில் நிர்வாகம் அறிவித்தது. ஸ்டேஷன்களில் போஸ்டரும் ஒட்டியது. வேண்டாமென்றால் வைஃபையை அணைத்துவிடுங்கள். முந்தைய கோளாறும் தீரும்.

குறை சொல்ல வேண்டும். என்ன குறித்துக்கொள்வது?

"டியூப்பில் நெட் வரவில்லை" என்று எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. எந்த இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில், எந்தத் திசையில், எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள்; இரு திசைக்கும் தனிச் சுரங்கம், தனிக் கேபிள் என்பதால் திசை முக்கியம். முன்பெட்டியா பின்பெட்டியா என்றும் சேருங்கள். பக்கத்தில் வேறு நிறுவனத்து சிம் வைத்திருப்பவருக்கு வருகிறதா என்று கேளுங்கள். எல்லோருக்கும் சிக்னல் போய்விட்டால் கோளாறு கேபிளில் அல்லது ரிமோட்டில். உங்களுக்கு மட்டும் போய்விட்டால் உங்கள் நிறுவனத்தில் அல்லது போனில்.

முடிந்தால் எண்ணையும் எடுங்கள். ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் சோதனைத் திரை வரும். ஆண்ட்ராய்டில் பலவற்றில் *#*#4636#*#* வேலை செய்யும். செய்யாவிட்டால் செட்டிங்ஸில் சிம் நிலை பக்கத்தில் டிபிஎம் இருக்கும். மைனஸ் 85 காட்டியும் நெட் ஓடவில்லை என்றால் நெரிசல் அல்லது குறுக்கீடு. மைனஸ் 118 என்றால் அந்த இடத்தில் கேபிள் உங்களைத் தொடவே இல்லை. மூன்று நாள், அதே இடத்தில், அதே எண் என்று எழுதி உங்கள் மொபைல் நிறுவனத்துக்கே முதலில் அனுப்புங்கள். சுரங்கக் கட்டமைப்பை நடத்துபவர்களிடம் புகார் பதிய வழி வைத்திருப்பவர்கள் அவர்கள்தான்.